பெற்றோர் கையும் பிள்ளை கண்ணும்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நோக்கி மாலைக் கொமுட்டர் இரயிலில் வருவோர்க்கு இக்காட்சி புதிதன்று. “கைப்பேசியை வை” என்று தந்தை மகனைக் கடிந்துகொள்கிறார்; அவர் கண்ணோ தம் கைப்பேசியை விட்டு அகலவில்லை. மகன் கற்பது எதனை? சொல்லையா, செயலையா?

இவ்வினாவிற்கு விடை தரும் ஆய்வொன்று 1961-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பந்தூரா என்னும் உளநூலறிஞர் தம் குழுவினருடன் 72 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்தார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட பிள்ளைகளுட் பலர், பின்னர்த் தாமும் அவ்வாறே அடித்தனர். அடிக்கும்படி எவரும் சொல்லவில்லை, கண்டதே பாடமாயிற்று.

கைப்பேசிக்கும் இது பொருந்தும். உணவு வேளையிலும் உரையாடலின் நடுவிலும் பெற்றோர் கை அதனை நாடுமாயின், அதுவே இயல்பு எனப் பிள்ளை கொள்ளும். பெற்றோர் முகம் கிட்டாதபோது திரையைத் துணையாகக் கொள்வதும் உண்டு.

2 முதல் 4 வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமர்ந்திருத்தல் ஆகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அவ்வெல்லையைக் காக்கும் கடமை பெற்றோருடையதே அன்றோ? இன்றிரவு உணவின்போது முதலில் தந்தையின் கைப்பேசியும் தாயின் கைப்பேசியும் அடுத்த அறைக்குச் செல்லட்டும். பிள்ளைக்குச் சொல்லவேண்டிய சொல் பாதியாகக் குறையும்.