மூளையில் வைத்த முள்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது. முள்ளை எடுத்தெறிந்தால் இரண்டொரு நாளில் இவை அடங்கிவிடும். எடுக்காமல் விட்டாலோ, உடல் அதனைச் சுற்றித் தடித்த உறை ஒன்றை எழுப்பித் தன்னினின்றும் பிரித்து வைக்கும். அயற்பொருளின்மீது உடல் கொள்ளும் இச்சினத்தையே மருத்துவர் அழற்சி என்பர். நம்மைக் காத்தற்கென்றே அமைந்த இவ்வழற்சி, நாமே வேண்டி வைத்த ஒரு முள்ளினிடத்தும் மூண்டால் என் செய்வது?

அத்தகைய முள் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு நார்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய மின்முனைத் தகடே அது. பக்கத்திற்கு 4 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு சதுரத்தில், 10 வரிசையாக 100 சிலிக்கன் ஊசிகள் தூரிகையின் மயிர்போல நிற்கின்றன. கைகால்களை இயக்கும் மூளைப் பகுதியில் இதனைப் பதித்தால், நரம்பணுக்கள் எழுப்பும் நுண்ணிய மின்துடிப்புகளை ஊசிகள் கேட்டுக் கணிப்பொறிக்கு உரைக்கும்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. பக்கவாதத்தால் கைகால்களின் இயக்கத்தையும் பேச்சையும் இழந்த ஒரு பெண்மணியைப் பற்றிய ஆய்வு 2012 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தம் கையை அசைப்பதாக அவர் எண்ணிய அளவில், எதிரே நின்ற இயந்திரக் கை காப்பிக் குப்பியைப் பற்றி அவர் வாயருகே கொணர்ந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின், பிறர் எடுத்துக் கொடாமல் அவர் பருகியது அன்றுதான். இத்தகையவர்க்கு அவ்வூசிகள் ஊமையாய்ப் போவது, மீண்டும் ஒருமுறை கையை இழப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும், நாளடைவில் ஊசிகள் பல ஊமையாகவே செய்கின்றன. உள்ளே செல்லும்போதே ஊசி நுண்ணிய குருதிக் குழாய்களைக் கிழித்துவிடுகிறது. மைக்ரோகிளியா என்னும் காவலணுக்கள் விரைந்து வந்து அதனை விழுங்க முயல்கின்றன. சிலிக்கனை விழுங்குதல் இயலுமோ? இயலாமையால் எரிச்சலூட்டும் பொருள்களை ஓயாது உமிழ்கின்றன. பின்னர், விண்மீன் வடிவினவாகிய ஆஸ்ட்ரோசைட்டு அணுக்கள் சில வாரங்களில் ஊசியைச் சுற்றி வடுவாகிய உறையைப் பின்னிவிடுகின்றன. ஊசிக்குக் கேட்கும் தொலைவோ மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குதான். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். அவ்வெல்லைக்குள் இருக்கும் நரம்பணுக்களே அழற்சியால் மடிகின்றன. செவியையும் அடைத்து, பேசுவோரையும் போக்கினாற் போன்றது இது.

அழற்சியைத் தணிக்க டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து உண்டு. அதனை நெடுநாள் உட்கொண்டால் குருதியில் சர்க்கரை மிகும்; எலும்பு நலியும்; நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். மயிரளவு இடத்தில் மூண்ட தீயை அணைக்க ஊர் முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்துதல் அறிவுடைமையன்று. ஆதலின், மருந்தை ஊசியின்மேலேயே பூசிவிடலாம் என அறிவியலார் கருதினர். இதயத்தைத் துடிக்கச் செய்யும் பேஸ்மேக்கர் கம்பியின் நுனியில் இவ்வகை மருந்தை வைக்கும் வழக்கம் 1980களிலேயே தோன்றியிருந்தது.

சாங் என்பாரும் ரவி பெல்லம்கொண்டா என்பாரும் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிக்கத்தக்கது. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளில் மருந்தைக் கலந்து ஊசிமேல் மெல்லியதாகப் பூசினர். (பழைய திரைப்படச் சுருள்களும் வெடிபஞ்சும் இப்பொருளால் ஆனவையே என்பது வியப்பிற்குரியது.) பூசிய ஊசிகளையும் பூசாதவற்றையும் எலிகளின் மூளையில் வைத்து, முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் ஒப்பிட்டனர். பூசிய ஊசிகளைச் சுற்றி அழற்சி குறைந்திருந்தது. நரம்பணுக்களும் மிகுதியாகப் பிழைத்திருந்தன.

பூச்சிலுள்ள மருந்து தீர்ந்துபோகுமே என்பது இதன் குறை. தடிமனாகப் பூசினால் ஊசி பருத்துக் காயம் பெரிதாகும். மின்துடிப்பை ஏற்கும் நுனியும் மறைந்துவிடும். இதற்கு வேறொரு வழி கண்டனர். பாலிபிரோல் என்பது மின்சாரத்தைக் கடத்தும் பாலிமர். நேர்மின் தன்மையுள்ள அதனுள், எதிர்மின் தன்மையுள்ள மருந்தைப் பிணித்து வைக்கலாம். தக்க மின்னழுத்தம் தந்தால் பிணிப்பு நெகிழ்ந்து, வேண்டும்போது வேண்டிய அளவே மருந்து வெளிப்படும். 2006 ஆம் ஆண்டில் டிரேசி சூயி என்பாரின் குழுவினர் இதனைச் செய்து காட்டினர். எனது கருத்தில், இஃது ஏனைய பூச்சுகளினும் சிறந்த உத்தி. அழற்சியை அறவே ஒழித்தால் காயமும் ஆறாது, சிதைந்த அணுக்களை அகற்றுவாரும் இரார் அன்றோ? அளவே இங்கு மருந்து.

எனினும், சினத்திற்குரிய மற்றொரு காரணம் எஞ்சி நிற்கிறது. சிலிக்கனின் விறைப்பு மூளையின் விறைப்பைப்போலக் கோடி மடங்கிற்கும் மேலானது. ஒவ்வொரு மூச்சிற்கும் மூளை சற்றே அசைய, அசையாத ஊசி அதனை உராய்ந்துகொண்டே இருக்கிறது. கடலட்டை என்னும் உயிரி தன் தோலை வேண்டும்போது விறைக்கவும் நெகிழவும் வல்லது. அதனைப் பின்பற்றி, புகும்போது விறைத்தும், புகுந்தபின் ஈரத்தால் நெகிழ்ந்தும் நிற்கும் பொருளை அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் 2008 ஆம் ஆண்டில் ஆக்கினர். மருந்துப் பூச்சுடன் இம்மென்மையையும் ஓர் ஊசியிலேயே சேர்த்தமைப்பது ஆய்வாளர் மேற்கொண்டுள்ள பணிகளுள் ஒன்று.