ரவிவர்மாவுக்குக் கப்பல்... நம்ம ஆளுக்குக் கோயமுத்தூர் பஸ்!

படம் வரைவது பெரிய வித்தைதான். ஆனால், வரைந்த படத்தைச் சேதாரம் இல்லாமல் வெளியூர் கொண்டுபோய்ச் சேர்ப்பது இருக்கிறதே... அது அதைவிடப் பெரிய வித்தை சார்!

ராஜா ரவிவர்மா இதை நன்றாகவே அறிந்தவர். மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணை அவர் வரைந்த படம் 1873-ல் சென்னையில் கவர்னரின் தங்கப் பதக்கத்தை வாங்கியது. அதே வருஷம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு. 1893-ல் சிகாகோ கண்காட்சிக்கு அவருடைய பத்துப் படங்கள் போயின. விவேகானந்தர் போனாரே, அதே சிகாகோ, அதே வருஷம்! இன்றைக்கு நிலைமை தலைகீழ். 1979-ல் அரசாங்கம் அவர் படங்களைத் தேசத்தின் கலைச் செல்வம் என்று அறிவித்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் கோடி கொட்டினாலும் விற்று அனுப்ப முடியாது.

மதுரைக்காரன் என்ற முறையில் சின்னதாகக் காலரைத் தூக்கிக்கொள்கிறேன். ரவிவர்மாவின் முதல் குரு அவருடைய தாய்மாமன் ராஜராஜ வர்மா. அந்த மாமாவுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் நம்ம மதுரை அழகிரி நாயுடு!

அதே மதுரையில், ஆரப்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர். போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷுக்கு வேலை போச்சு. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கோவையில் ஒரு கண்காட்சிக்கு ஆறு படம் கேட்டிருக்கிறார்கள். ஃப்ரேம் போடுவதற்காக வீட்டுக்காரம்மா தோடு அடகுக் கடைக்குப் போயாச்சு. ஒரு படமாவது விற்றால்தான் தோடு காதுக்குத் திரும்பும்.

பேக்கிங்குக்கு நான் எடுபிடி. பபிள் ஷீட்டை எடுத்ததுமே கத்தினார். "யோவ், நேராச் சுத்தாதய்யா!"

ஆயில் பெயின்ட் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே காய மாசக் கணக்காகுமாம். பபிள் ஷீட்டை நேரடியாகச் சுற்றினால் வட்டவட்டமாக அச்சு விழுந்துவிடும். முதலில் வழவழப்பான பேப்பர், மூலைக்கு அட்டை, அப்புறம்தான் பபிள் ஷீட். வாட்டர் கலர் படம் ஒன்றுக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டினோம். கண்ணாடி உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. சுருட்டிக் கொண்டுபோகலாமே என்றேன். "சுருட்டினா பெயின்ட் வெளிப்பக்கம் இருக்கணும். உள்பக்கம் வச்சா நசுங்கி வெடிச்சிரும். ஃப்ரேம் போட்டதை எங்கிட்டுச் சுருட்ட?" என்று முறைத்தார்.

பார்சல் ஆபீஸ் ஒன்றில் விசாரித்தோம். உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தது. நண்பர் ரசீதைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "பஸ்ல நானே கொண்டு போயிர்றேன்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. கோவை வண்டிக் கண்டக்டர் மூட்டையைத் தட்டப் போனார். நண்பர் பதறிக் குறுக்கே விழுந்தார்.

"என்னண்ணே உள்ள, கண்ணாடியா?"

"படம் தம்பி."

"சாமி படமா?"

"இல்ல... வைகையில துணி வெளுக்கிறவங்க."

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். "டிக்கியில போடாதீங்க. கடைசி சீட்டும் ஆகாது, தூக்கித் தூக்கிப் போடும். டிரைவருக்குப் பின்னாடி சாத்திட்டு நீங்களும் அங்கயே உக்காருங்க. திண்டுக்கல் வரைக்கும் ரோடு நல்லாருக்கும். அப்புறம் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. லக்கேஜ் டிக்கெட் எடுத்துரணும், ஆமா!"