கைக்குட்டை ஏன் காயவில்லை?

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே படிக்கும் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் 12 செயற்பாங்குத் திறன்கள் வருகின்றன. உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், கருதுகோள் உருவாக்குதல் என்று நீளும் அந்த வரிசை, பரிசோதனை செய்தலில் முடிகிறது. அதைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்வார்கள். கையால் செய்து பார்க்கும்போதுதான் இத்திறன்கள் உண்மையில் படிகின்றன.

துணி காயும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஒரே துணியில் வெட்டிய, ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகள் போதும். இரண்டிலும் 20 மில்லிலீட்டர் தண்ணீர் ஊற்றி, ஒன்றை விரித்தும் மற்றதை நான்காக மடித்தும் ஒரே கொடியில் போட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுத வேண்டும். விரித்ததை மட்டும் மின்விசிறிக்கு நேரே போட்டுவிட்டால் சோதனை கெட்டுவிடும். சீக்கிரம் காய்ந்தது பரப்பினாலா, காற்றினாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்ற விதியைப் பத்து வயதுப் பிள்ளை இப்படித்தான் உள்வாங்கிக்கொள்கிறது.

ஜோகூரில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அடைமழை நாளில் இதே சோதனையைச் செய்தால் அரை மணி நேரம் கழித்தும் இரண்டு கைக்குட்டைகளும் நனைந்தே கிடக்கும். முழுக் கிராம் மட்டுமே காட்டும் தராசில் வேறுபாடு தெரியாமலே போகலாம். "சோதனை தப்பாகிவிட்டது" என்று அழித்துவிட்டு, புத்தகத்திலுள்ள விடையை எழுதச் சொல்வது சில வகுப்புகளின் வழக்கம். எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அந்த எண்கள் உண்மையைத்தான் சொல்கின்றன. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது. துணியிலிருந்து கிளம்பும் நீர் மூலக்கூறுகளுக்கு ஏறக்குறைய ஈடாகக் காற்றிலிருந்தும் மூலக்கூறுகள் துணிக்குத் திரும்பி வருகின்றன. அதனால்தான் எடை அவ்வளவாகக் குறையவில்லை. புத்தகம் கேட்காத கேள்விக்கு மழை விடை தந்திருக்கிறது.

இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் பிள்ளைகள் தாமே கண்டறியும் முடிவுக்கு மதிப்புண்டு என்ற நம்பிக்கையில்தான் நடந்தது. எளிய கருவிகளை வைத்துப் பிள்ளைகளே சோதித்து, தங்கள் முடிவுகளை வகுப்பில் விவாதித்தார்கள். தேர்வைப் புத்தகம் திறந்து எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் இருந்தது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. 30 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் நடந்த முறை அது. ஆகவே, நம் பள்ளிகளில் நடக்காது என்று சொல்ல இடமில்லை. மலேசியாவில் தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீங்கிவிட்டது. மனப்பாட விடைக்கு இருந்த பெரிய காரணம் ஒன்று குறைந்திருக்கிறது.

ஆசிரியர்கள் அடுத்த மழை நாளில் இதைச் செய்து பார்க்கலாம். ஈரக் கைக்குட்டை ஒன்றைத் தாழ்வாரத்திலும், அதே அளவு ஈரமுள்ள இன்னொன்றைக் குளிர்சாதன வசதியுள்ள கணினி அறையிலும் தொங்கவிடுங்கள். அந்த அறையின் காற்று குளிர்ந்தது, ஆனால் வறண்டது. தாழ்வாரத்துக் காற்று வெதுவெதுப்பானது, ஆனால் ஈரமானது. எது முதலில் காயும் என்று தராசைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையும் காரணத்தோடு எழுதி வைக்கட்டும்.