பிரிய மறுக்கும் எண்ணெயும் நீரும்

ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது பழகிய விஷயம். பால் உறையாமல் இருக்க அமோனியா. உறைய வேண்டுமானால் பார்மிக் அமிலம். சமையலறையிலும் ஏறக்குறைய இதே கதைதான். தேங்காய்ப் பாலைக் கிளறாமல் கொதிக்க விட்டால் திரிந்து, எண்ணெய் மேலே மிதக்கும்.

தேங்காய்ப் பாலில் எண்ணெய் நுண்ணிய துளிகளாக நீரில் பரவியிருக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதம் உறைபோல மூடியிருப்பதால் துளிகள் ஒன்றுசேர்வதில்லை. இத்தகைய கலவைக்குப் பால்மம் என்று பெயர். அந்த உறை குலைந்தால் எண்ணெய் வேறு, நீர் வேறாகிவிடும்.

செம்பனை ஆலைகளின் பெரிய வேலையே இந்தப் பிரிப்புதான். அவித்த பழங்களைப் பிழிந்தால் எண்ணெயும் நீரும் நாரும் கலந்தே வரும். அதில் சுடுநீர் சேர்த்து, சூடு குறையாமல் தொட்டியில் தேக்கினால் எண்ணெய் மேலே வரும். பால்மமாகவே தங்கிவிடும் எண்ணெய் கழிவுநீரோடு போகிறது. ஆலைக் கழிவுநீரில் சுமார் 95 விழுக்காடு நீர்தான். எண்ணெய் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் அந்தக் கழிவு அப்படியே ஆற்றில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். அதனால்தான் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடுகள் வந்தன. ஆற்றில் விடும் நீரின் பிராணவாயுத் தேவை 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டது. 1984-இல் அந்த வரம்பு 100 ஆனது.

பெட்ரோலியத்திலும் இதே தலைவலி உண்டு. மலாக்கா சுங்கை ஊடாங்கில் இருப்பதைப் போன்ற சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரும் கச்சா எண்ணெயில் உப்புநீர்த் துளிகள் கலந்திருக்கும். அந்த உப்பு குழாய்களை அரித்துவிடும். ஆகவே முதலில் கச்சா எண்ணெயை நீரால் கழுவி, உறையை உடைக்கும் மருந்து சேர்த்து, உயர் மின்னழுத்தம் செலுத்துவார்கள். சிறு துளிகள் ஒன்றுகூடிப் பெரிதாகி அடியில் இறங்கும்.

பால்மம் குலையாமல் இருக்க வேண்டிய இடமும் உண்டு. கடையில் பளபளக்கும் ஆப்பிளில் பூசியிருப்பது பெரும்பாலும் நீரில் நுண்துளிகளாகக் கலந்த மெழுகுதான். நீர் உலர்ந்ததும் மெல்லிய படலம் தங்கி, பழம் வாடாமல் காக்கிறது. இதற்கென அனுமதிக்கப்பட்ட மெழுகுகள் உண்ணத் தகுந்தவை, பயப்பட வேண்டியதில்லை. கர்னோபா மெழுகு பனை இலையிலிருந்து வருகிறது. அரக்கோ பூச்சியிலிருந்து கிடைப்பது. சைவ உணவுக்காரர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பொரித்த எண்ணெயைச் சவர்க்காரம் போட்டு சிங்க்கில் ஊற்றினால் கரைந்து போனதுபோல் தெரியும். உண்மையில் அது பால்மமாகி உள்ளே போகிறது. வழியில் மீண்டும் பிரிந்து, குழாயில் படிந்து அடைக்கிறது, மீதி கால்வாய்க்குச் செல்கிறது. ஆறவைத்துப் புட்டியில் சேர்த்து வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குவோரும் இருக்கிறார்கள்.