மாற்று இருதயம்: திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு

இருதயம் தசையாலான ஓர் உறுப்பு. அது இடைவிடாது சுருங்கி விரிவதனாலேயே இரத்தம் உடலெங்கும் சுற்றி வருகின்றது. அத்தசை நோயுற்றுத் தளர்ந்தால், இரத்தத்தை உந்தும் ஆற்றல் படிப்படியாகக் குன்றும். நோயாளிக்கு முதலில் படியேறும்போது மூச்சு வாங்கும். பின்னர்ச் சமதரையில் நடக்கையிலும் வாங்கும். முடிவில் படுத்தாலே மூச்சுத் திணறும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவைக் கழிக்க நேரிடும். கால்களில் நீர் கோத்து வீங்கும். மருந்துகள் நெடுநாள் துணை நிற்கும். அவையும் பயன்படாத நிலையில், தக்கவரெனத் தேர்ந்த நோயாளிகளுக்குப் பிறர் இருதயத்தைப் பொருத்துவதே உயிர் காக்கும் வழியாகின்றது.

வளர்ந்த வரலாறு

1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டு முதன்முதலாக மனித இருதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். புதிய உறுப்பை அந்நியப் பொருளெனக் கருதி உடல் எதிர்க்கும். அவ்வெதிர்ப்பை அடக்கினாலோ தொற்றுநோய்கள் எளிதில் பற்றும். 1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வழக்கிற்கு வந்த பின்னரே இவ்விடர் பெரிதும் தணிந்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பி. வேணுகோபால் நாட்டின் முதல் வெற்றிகரமான இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார்.

மூளைச் சாவு என்பது யாது?

விபத்திலோ மூளை இரத்தக் கசிவிலோ மூளைத் தண்டு முற்றிலும் அழிந்துவிட்டால், அம்மனிதர் மீண்டும் தாமாக மூச்சுவிட இயலாது. இயந்திரம் காற்றைச் செலுத்தும் வரையில் நெஞ்சு ஏறித் தாழும். சிறிது காலம் இருதயமும் துடிக்கும். உடலிலும் வெம்மை இருக்கும். ஆயினும் அது மரணமே. ஆழ்ந்த நினைவிழப்பு இதனின்றும் வேறானது; அந்நிலையில் மூளைத் தண்டு உயிரோடிருக்கின்றது. சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச் சாவை உறுதி செய்யும். உறுப்பை அகற்றவோ பொருத்தவோ இருக்கும் மருத்துவர் எவரும் அக்குழுவில் இடம்பெறலாகாது.

நான்கு மணி நேரம்

உடலினின்றும் எடுத்துக் குளிரவைத்த சிறுநீரகம் ஒரு நாளளவும் பயன்படக்கூடும். இருதயத்தையோ ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் பொருத்திவிடுதல் நலம். கேரளத்தில் 2012ஆம் ஆண்டில் 'மிருதசஞ்சீவனி' என்னும் பெயரால் உறுப்புப் பகிர்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2015 ஜூலை 24ஆம் நாள், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் மூளைச் சாவடைந்த ஒருவரின் இருதயத்தை அவர் குடும்பத்தார் வழங்கினர். கொச்சி சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர்த் தொலைவு. எனவே கடற்படையின் டோர்னியர் விமானம் அதனை ஏற்றிச் சென்றது. கொச்சி லிசி மருத்துவமனையில் டாக்டர் ஜோஸ் சாக்கோ பெரியப்புறம் தலைமையிலான குழுவினர் அதனை ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். 2020 மே 9ஆம் நாள் மாநில அரசு வாடகைக்கு அமர்த்திய ஹெலிகாப்டர் மற்றோர் இருதயத்தை இதே வழியில் கொண்டு சென்றது.

மாற்று இருதயத்துடன் வாழ்தல்

அறுவையின்போது இருதயத்திற்குச் செல்லும் நரம்புகள் துண்டிக்கப்படுகின்றன. ஆகவே புதிய இருதயம் ஓய்விலும் சற்று விரைவாகத் துடிக்கும். நடக்கத் தொடங்கினால் அதன் வேகம் மெல்லவே ஏறும். நின்ற பின்னும் மெல்லவே இறங்கும். இரத்தக் குழாய் அடைப்பு நேரினும் நெஞ்சு வலி தோன்றாதிருக்கலாம். எனவே வலி இல்லை என்று சோதனைகளைத் தள்ளிப் போடலாகாது. எதிர்ப்பை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் நேரந்தவறாது உண்ண வேண்டும். சிறு காய்ச்சலையும் அலட்சியம் செய்யாது மருத்துவரிடம் கூற வேண்டும். இவ்விதிகளைப் பேணுவோரிற் பலர் தம் வேலைக்குத் திரும்பிப் பல்லாண்டு வாழ்கின்றனர்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

அறுவைத் திறனும் விமானமும் ஆயத்தமாக இருந்தும், ஒரு குடும்பத்தின் இசைவு இல்லையேல் யாவும் வீணே. அவ்விசைவு கோரப்படும் வேளையோ மிகக் கொடியது. துடிக்கும் நாடியைக் கையால் உணர்ந்துகொண்டே மரணத்தை ஏற்குமாறு உறவினர் கேட்கப்படுகின்றனர். மூளைச் சாவு என்னும் சொல்லை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பவர் எவ்வாறு தெளிவடைவர்? அவர்கள் மறுப்பின் அதனைக் குறை கூறுதல் தகாது. முன்னரே அறிந்திருந்தால் அவர்கள் தெளிவுடன் முடிவு செய்ய இயலும். சுவாசத்தைப் பற்றிய பாடத்தின்போது ஆசிரியர் இதனை மாணவருக்கு விளக்கலாம். களப்பணியாளர் ஊர்க் கூட்டங்களில், உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்பதையும், உறுப்பு எடுக்கும் செலவு கொடையளித்த குடும்பத்தைச் சாராது என்பதையும், தம் விருப்பத்தை வீட்டாரிடம் இன்றே சொல்லி வைத்தல் நலம் என்பதையும் எடுத்துரைக்கலாம்.