இழந்த பல்லுக்கு மாற்று: எந்த முறையைத் தேர்வது?

முதல் கடைவாய்ப் பல் ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கிறது. பால் பல் எதுவும் விழாமலேயே வரிசையின் பின்புறத்தில் தோன்றுவதால், பெற்றோர் பலர் அதனையும் பால் பல் என்றே கருதிவிடுகின்றனர். பெரியவர்கள் சொத்தையால் இழக்கும் பற்களில் இது முக்கியமானது. வெளியே தெரியாத பல்தானே என்று, பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டுவிடுவோரும் உளர். ஆனால் பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கி மெல்லச் சாய்கின்றன. எதிர்த்தாடைப் பல் தாங்கலின்றித் தன் இடத்தைவிட்டு நீள்கிறது. வேர் நின்ற எலும்பு தேய்கிறது. இத்தேய்வு முதல் ஆண்டில்தான் மிக விரைவாக நிகழும்.

மாற்று முறைகள் மூன்று. செலவைக் கேட்பதற்கு முன், அண்டைப் பற்களும் தாடை எலும்பும் எந்நிலையில் உள்ளன என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

கழற்றி மாட்டும் பல்செட் செலவு குறைந்தது. ஈறின்மேல் அமர்வதால் மெல்லும் வலிமை இயற்கைப் பல்லைவிடக் குறைவாகவே இருக்கும். எலும்பு தேயத் தேயத் தளர்வதால் அவ்வப்போது சரிசெய்ய நேரிடும். இரவில் கழற்றி நீரில் இடுதல் வேண்டும். கொதிநீரில் இட்டால் வடிவம் கெடும்.

பாலம் எனப்படும் பிரிட்ஜ் முறையில், இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி, மூன்று பற்களும் இணைந்த உறையைப் பொருத்துவர். அப்பற்கள் ஏற்கெனவே வேர்சிகிச்சை பெற்று உறை தேவைப்படும் நிலையில் இருந்தால் இது பொருத்தமான தேர்வு. அவை நலமாக இருந்தால் தயங்குவதே முறை. செதுக்கிய எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

இம்ப்ளாண்ட் முறையில் தாடை எலும்பினுள் டைட்டானியத் திருகு பதிக்கப்படுகிறது. டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிப்போவதை ஆராய்ந்த சுவீடன் மருத்துவர் பிரோனமார்க், 1965-இல் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு இதனைப் பொருத்தினார். எலும்பு பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அண்டைப் பற்களைத் தொட வேண்டியதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு. எனினும் கட்டுப்படாத நீரிழிவும் புகைப்பழக்கமும் தோல்விக்கு வழிவகுக்கும். எலும்புத் தேய்வுக்கு மருந்து உட்கொள்வோரும், தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றோரும் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் கட்டாயம். தாடை வளர்ச்சி முடியாத சிறுவர்க்கு இது பொருந்தாது. இம்ப்ளாண்ட்டில் சொத்தை விழாது. ஆனால் தூய்மை குறைந்தால் சுற்றியுள்ள ஈறு அழன்று எலும்பு கரையும்.

உரிய தகுதியற்றோர் சிலர், ஒரே நாளில் நிலையான பல் கட்டித் தருவதாகக் கூறி, அக்ரிலிக் பசையை அண்டைப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுகின்றனர். அதனடியில் உணவு தேங்கி, நலமாயிருந்த பற்களும் ஆட்டங்காண்கின்றன.

எல்லா இடைவெளியையும் நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை. ஞானப் பல்லுக்கு மாற்று தேவையில்லை. வரிசையின் இறுதியிலுள்ள பல் ஒன்று மட்டும் இழக்கப்பட்டு, மெல்லுவதில் இடர் இல்லையெனில் அதனையும் விட்டுவிடலாம். வேர்சிகிச்சையால் பல்லைக் காக்க இயலுமா, இயலாதெனில் எம்மாற்று பொருந்தும் என்ற இரு வினாக்களையும் பல்லை எடுப்பதற்கு முன்பே பல் மருத்துவரிடம் கேட்டுவிடுக. எலும்பு தேயும் முன் திட்டமிட்டால் தேர்வுகள் மிகுதியாக இருக்கும்.