எரிந்த கான்கிரீட் வீடு: சேதமா, அழிவா?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தீக்கிரையாக்கப்பட்டன. அவற்றுள் பல்லாண்டு உழைப்பில் எழுந்த கான்கிரீட் வீடுகளும் இருந்தன. கூரை வீடு எரிந்தால் சாம்பலே சாட்சி. கான்கிரீட் வீடோ எரிந்த பின்னும் நிற்கும். அதையே காட்டி, 'சுவர் கருகியுள்ளது' என்று அறிக்கையை முடித்துவிட இயலும்.

அவ்வொரு வரியின் விளைவு பெரிது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2) பிரிவு இரு குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் சொத்துக்குத் தீயினாலோ வெடிபொருளினாலோ சேதம் விளைவித்தால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை. குடியிருக்கும் கட்டடம் அழிய வேண்டும் என்ற நோக்கத்துடனோ, அழியக்கூடும் என அறிந்தோ செய்தால் ஆயுள் தண்டனை. முற்றிலும் அழிந்த அல்லது எரிந்த வீட்டுக்கு ஈடாக அரசு செலவில் செங்கல் அல்லது கல் வீடு தரப்பட வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டு விதிகளின் இணைப்பு.

கான்கிரீட் தீப்பிடிப்பதில்லை, ஆனால் வெப்பத்தால் வலுவிழக்கிறது. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தாண்டுகையில் பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். 600 பாகையில் ஏறக்குறைய பாதி வலிமை போய்விடும்; நிறம் வெளிறிச் சாம்பலாகும். தளத்தின் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் பொதுவாக 20 மில்லிமீட்டர்தான். அது பெயர்ந்தால் கம்பி நேரடியாகத் தீயில் வேகும். எரிவாயு உருளை வெடித்தால் தளம் மேல்நோக்கித் தள்ளப்படும். தளத்தின் நடுவே கம்பி அடிப்புறத்தில்தான் இருக்கும் என்பதால் விரிசல் மேற்புறத்தில் விழும். எனவே மொட்டை மாடியையும் பார்க்காத ஆய்வு முழுமையானதன்று.

விதி 12இன்படி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்று சேதத்தை மதிப்பிட வேண்டும். கட்டடப் பொறியாளரும் உடன்வர வேண்டும் என நாம் எழுத்து மூலம் கோர வேண்டும். சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை, துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி ஆகியவற்றைப் பெயர் குறித்துக் கேட்க வேண்டும். புதுச்சேரியில் இவ்வாய்வைப் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கோரலாம்.

அதுவரை தளத்துக்கு முட்டுக் கொடுங்கள், உள்ளே குடியேறாதீர்கள். நிறமாற்றத்தையும் விரிசலையும் அளவுகோல் வைத்துப் படமெடுக்கும் முன் வெள்ளையடிக்கவோ பூசவோ வேண்டாம். பூச்சுக்கு அடியில் மறைவது நமது சாட்சியமே.